மலைபடுகடாம் காட்டும் மலைவழி

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது, பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாத்து நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், அவனை நாடி வரும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை இதன்கண் உணர்த்துகின்றான்.

பன்றிகளுக்கு வைத்த பொறிகள் உளவாதலின், விடிந்தபின்னரே நடத்தல் வேண்டும். கான்யாற்று வழி அகழியில் இறங்குவது போன்றது. அதன் பக்கங்களோ வழுக்கும். கொடி சுற்றிய மரங்களைப் பற்றி, சிறுவரோடு ஒருவரையொருவர் காத்துக் கடத்தல் வேண்டும். குறவரும் மயங்கும் குன்றில் வழி தவறின், மேலும் நடவாது, அகன்ற பாறையில் கூடி இசைக்கருவிகளை முழக்குதல் வேண்டும். ஒலி கேட்டுக் கானவர் வந்து உதவுவர். வழிகள் பிரியும் இடங்களில் புல்லை முடிந்து அடையாளம் இடுதல் வேண்டும்.

தாம் பிழைத்தல் மட்டும் அமையாது. பின்வருவார் உயிரும் அம்முடிச்சினைச் சார்ந்தது. வழி கண்டார் காணாதார்க்கு அதனை உணர்த்துதலே ஆற்றுப்படையின் பயனாம்.