வாயில் உள்ளது கையில் வரட்டும்

பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுத வரவில்லையே என்பது பெற்றோர் பலரின் குறை. எங்கள் ஊரில் மாலை வேளைகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புச் சிறுவர்க்குப் பாடம் சொல்லித் தரும் எனக்கும் அக்குறை இருந்தது.

ஒரு நாள் 'எங்கள் ஆடு' என்று எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி, "எங்கள் ஆடு குட்டி போட்டது. குட்டி நேற்றுப் பிறந்தது. குட்டி நொண்டுகிறது" என்று எழுதினாள். பிழையில்லை, ஆயினும் தொடர்கள் ஒன்றையொன்று அறியாமல் நின்றன. வகுப்பு முடிந்ததும் அதே சிறுமி தன் தம்பியிடம், "நேத்து பொறந்த குட்டியைத் தூக்கிட்டு வாடா!" என்றாள். நான் வியந்து போனேன். தொல்காப்பியச் சொல்லதிகாரம் பேசும் பெயரெச்சமும் வினையெச்சமும் அந்த ஒரே தொடரில் இருந்தன!

மறுநாள் இலக்கணப் பெயர் எதுவும் சொல்லவில்லை. அவள் எழுதியதைக் கரும்பலகையில் எழுதி, "எந்தக் குட்டி நொண்டுகிறது?" என்று கேட்டேன். "நேற்றுப் பிறந்த குட்டி" என்றனர். "பிறந்தது" என்னும் முற்று "பிறந்த" என்னும் எச்சமாகி, ஒரு தொடர் மற்றொன்றினுள் அடங்கிவிட்டது. 'எந்த?' என்று கேட்டால் பெயரெச்சம் வரும், 'என்ன செய்து?' என்று கேட்டால் வினையெச்சம் வரும். ஆங்கிலத்தில் இத்தகைய தொடர் பெயருக்குப் பின்னே நிற்கும். தமிழில் முன்னே நிற்கும். ஆகவே ஆங்கிலப் பயிற்சியைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவரலாகாது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. "ஓடி வந்த அண்ணனின் நாய்" என்று ஒருவன் எழுதினான். ஓடி வந்தது அண்ணனா, நாயா? வகுப்பே சிரித்தது. "அண்ணனின் நாய் ஓடி வந்தது" என்று அவனே திருத்தினான். எல்லாவற்றையும் இணைத்துவிடக் கூடாது என்பதையும் அன்று கற்றோம்.

இது வெறும் அழகுக்கான பயிற்சியன்று. எங்கள் தெருவில் நான்கு குடிநீர்க் குழாய்கள் உள்ளன. "குழாய் உடைந்துள்ளது" என்று மனு ஒன்று போயிற்று. பார்க்க வந்தவர் நன்றாயிருந்த குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். "பள்ளிக்கு எதிரே உள்ள குழாய்" என்று ஓர் எச்சம் சேர்த்திருந்தால் போதும். அம்மனுவை எழுதியவன் நானே.

அச்சிறுமி அண்மையில் எழுதியது இது: "நொண்டிக்கொண்டிருந்த குட்டி அம்மா பச்சிலை வைத்துக் கட்டியதும் எழுந்து ஓடியது. நான் சிரித்தேன்." நெடுந்தொடர் ஒன்று, குறுந்தொடர் ஒன்று. எங்கே எது வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய நண்பர்கள் தத்தம் ஊரில் இதைச் செய்து பார்க்க வேண்டுகிறேன்.