பழைய மெசினுக்காகக் கெர்னலைக் கிண்டுமுன்

கேள்வி: சாய்ந்தமருதில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். வின்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டது, என் கம்பியூட்டரில் 11 ஏறவில்லை என்று லினக்ஸ் மின்ட் போட்டேன். மற்றதெல்லாம் நன்றாக ஓடுது. பழைய கொப்பி மெசினில் ஸ்கேன் பண்ணினால் மட்டும் போல்டருக்கு வந்து சேருதில்லை. கெர்னலில் பழைய புரொட்டகோலைச் சேர்த்துக் கம்பைல் பண்ணினால் சரிவரும் என்று கூட்டாளி சொல்கிறார். எப்படிச் செய்வது?

பதில்: கம்பைல் பண்ண வேண்டாம். உங்கள் சிக்கல் கெர்னலில் இல்லை.

வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்த பிறகு நம் பக்கத்துக் கடைகள் பல லினக்ஸுக்கு மாறுகின்றன. மாறுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த மெசின் எதைத் தேடிப் போகிறது என்பதுதான். ஸ்கேன் பண்ணும்போது கொப்பி மெசின்தான் உங்கள் கம்பியூட்டரைத் தேடி வருகிறது. வருகிறவரை வரவேற்பது சாம்பா என்ற சாதாரண புரோகிராம். கெர்னலை எத்தனை தடவை கம்பைல் பண்ணினாலும் சாம்பா கதவைத் திறக்காது.

சாம்பா ஏன் மறுக்கிறது? உங்கள் மெசினுக்குத் தெரிந்தது அநேகமாக எஸ்எம்பி 1 என்ற பழைய புரொட்டகோல் மட்டும். 2017 மே மாதம் உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளையும் கம்பனிகளையும் முடக்கிய வன்னாகிரை வைரஸ் அந்தப் புரொட்டகோலின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அதே வருடக் கடைசியில் புதிதாக நிறுவும் வின்டோஸ் 10இல் எஸ்எம்பி 1 வராமல் நின்றது. 2019இல் சாம்பா 4.11உம் அதை மூடிவைத்தது. ஆகவே மின்டில் எதுவும் பழுதில்லை, அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

சாம்பாவைத் தொடுமுன் கேபிளைப் பாருங்கள். கடற்காற்று படும் கடைகளில் லேன் கேபிள் முனையின் செப்புத் தகடுகள் பச்சை பிடித்து, தொடர்பு விட்டுவிட்டு வரும். மாரி காலத்து இடியில் போர்ட்டே எரிந்துபோவதும் உண்டு. விளக்கு எரிகிறதா, பிங் தொடர்ந்து போகிறதா என்று பார்த்த பிறகு சாம்பாவின் லொக் பைலைத் திறவுங்கள். பொருந்தும் புரொட்டகோல் எதுவும் இல்லை என்ற வரி அங்கே இருந்தால் காரணம் உறுதி.

அடுத்து, மெசினின் மெனுவில் எஃப்டிபி வழியாக அனுப்பும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தக் காலத்து மெசின்கள் பலவற்றில் இருக்கும். இருந்தால் எஸ்எம்பி 1ஐ முழுதாக மறந்துவிடலாம். ஸ்கேனுக்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்கி, ஒரு போல்டரை மட்டும் அவருக்குக் கொடுங்கள். எஃப்டிபி எதையும் மறைத்து அனுப்பாது. அதனால் அந்தப் பாஸ்வேர்டை வேறெங்கும் பாவிக்கக் கூடாது.

எஃப்டிபி இல்லையென்றால் மட்டும் சாம்பாவின் அமைப்புப் பைலில், பொதுப் பகுதியில், சேர்வர் ஏற்கும் ஆகக் குறைந்த புரொட்டகோலை என்டி1 (அதாவது எஸ்எம்பி 1) என்று வைத்து சாம்பாவை மறுபடி தொடக்குங்கள். ஆனால் இதைக் கடையின் வைஃபையும் வாடிக்கையாளரின் போனும் சேர்ந்திருக்கும் நெட்வேர்க்கில் செய்யாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கம்பியூட்டருக்கு இரண்டாவது லேன் கார்ட் ஒன்று போடுங்கள். யூஎஸ்பியில் செருகும் சின்ன அடப்டரும் போதும். கொப்பி மெசினின் கேபிளை நேராக அதில் செருகி, அந்தப் பக்கத்துக்கு வேறொரு ஐபி வரிசை கொடுங்கள். மெசினில் கேட்வே முகவரியை வெறுமையாக விடுங்கள். கம்பியூட்டரில் ஐபி ஃபோர்வேடிங் பூச்சியமாக இருக்கட்டும். சாம்பா அந்த ஒரு கார்டில் மட்டும் காது கொடுக்கும்படி கட்டுப்படுத்துங்கள். மெசினில் அச்சடிக்க மற்றக் கம்பியூட்டர்களுக்கும் தேவை வரும். அதை இந்தக் கம்பியூட்டரின் கப்ஸ் என்ற அச்சுச் சேவை வழியாகப் பகிர்ந்துவிடலாம்.

கெர்னல் பேச்சு எப்போது வரும்? உங்கள் லினக்ஸ் கம்பியூட்டர் இன்னொன்றைத் தேடிப் போகும்போது. பில் போடும் எக்ஸ்பி கம்பியூட்டரின் போல்டரை மவுண்ட் பண்ணுவது அப்படிப்பட்ட வேலை. அதைச் செய்வது கெர்னலின் சிஃப்ஸ் மொடியூல். அங்கேயும் கம்பைல் தேவைப்படுவது அரிது. பூட் போல்டருக்குள் கொன்ஃபிக் என்று தொடங்கும் பைலைத் திறந்து சிஃப்ஸ் என்று தேடுங்கள். வை என்று இருந்தால் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எம் என்றால் தேவைப்படும்போது ஏறும் மொடியூல். அமைக்கப்படவில்லை என்று எழுதியிருந்தால் இல்லை. மின்டில் அது எம் ஆக இருக்கும். மவுண்ட் பண்ணும்போது வேர்ஷன் 1.0 என்று நீங்களே சொன்னால்தான் அது பழைய புரொட்டகோலுக்கு இறங்கும். 2021இல் வந்த லினக்ஸ் 5.15 மிகப் பழைய பாஸ்வேர்ட் முறைகளை நீக்கிவிட்டதால், வின்டோஸ் 98 காலத்து மெசின்கள் அப்போதும் ஒத்துவராமல் போகலாம்.

வேறொரு பழைய புரொட்டகோலின் மொடியூல் இருந்தும் தானாக ஏறாவிட்டால் மொட்ப்ரோப் போல்டரில் உள்ள பட்டியல்களைப் பாருங்கள். அரிதாகப் பாவிக்கும் நெட்வேர்க் புரொட்டகோல்களை உபுண்டுவும் மின்டும் அங்கே தடுத்து வைத்திருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. 2010இல், யாருமே பாவிக்காத எகோநெட் என்ற புரொட்டகோலின் ஓட்டைகளைப் பிடித்து ஒரு சாதாரண பயனர் ரூட் ஆகிவிட முடிந்தது. மொடியூல் கேட்டவுடன் தானாக ஏறியதுதான் வினை. ஆகவே தேவையான ஒரு வரியை மட்டும் எடுங்கள், பட்டியலை அழிக்காதீர்கள்.

நீங்களே கம்பைல் பண்ணிய கெர்னலுக்குப் பாதுகாப்பு அப்டேட் தானாக வராது. ஒவ்வொரு ஓட்டை வெளிவரும்போதும் நீங்கள்தான் மறுபடி உட்கார வேண்டும். கடையில் கூட்டத்தை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமில்லை. பழகிப் பார்க்க ஆசையென்றால் வீட்டுக் கம்பியூட்டரில் செய்யுங்கள். புரொட்டகோலை மொடியூலாகவே அமைத்து, பழைய கெர்னலையும் கிரப் மெனுவில் விட்டுவையுங்கள்.

இன்னொன்று, சிலவற்றை எந்த அமைப்பிலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. நொவெல் நெட்வெயாரின் ஐபிஎக்ஸ் புரொட்டகோல் 2018இல் லினக்ஸ் 4.18உடன் மூலத்திலிருந்தே போய்விட்டது. டெக்நெட் என்ற இன்னொரு பழைய புரொட்டகோல் 2022இல் 6.1உடன் போனது. மெனுவில் எவ்வளவு தேடினாலும் அவை கிடைக்காது. டொஸ் புரோகிராம் ஒன்று ஐபிஎக்ஸ் கேட்டு அடம்பிடித்தால் டொஸ்பொக்ஸ் அதை யூடிபிக்குள் பொதிந்து அனுப்பும். பரீட்சித்துப் பார்க்க அது போதும்.

வாப்பா காலத்து டொஸ் கணக்குப் புரோகிராமை வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: உங்களுக்கு வேண்டியது அந்த நெட்வேர்க் இல்லை, கணக்கு. கிளிப்பரிலோ ஃபொக்ஸ்புரோவிலோ எழுதிய புரோகிராம்கள் பெரும்பாலும் டிபிஎஃப் பைல்களில்தான் கணக்கைச் சேமித்தன. லிப்ரே ஒஃபிஸ் கல்க் அவற்றை நேராகத் திறக்கும். ஆனால் பழைய ஹாட் டிஸ்கைச் சும்மா ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். கழற்றி, வேறு கம்பியூட்டரில் பூட்டி, டிடிரெஸ்கியூவால் முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் கை வையுங்கள்.