சீஃப் கெஸ்ட் வேற, பேச்சாளர் வேற: தொழில் மாநாட்டுக்கு ஆள் தேடும் பாடம்

நம்ம கல்லூரியில் எந்த விழா வந்தாலும் கமிட்டி மீட்டிங்கில் முதல் கேள்வி ஒன்றுதான்: "சீஃப் கெஸ்ட் யாருப்பா?" உடனே பெயர்கள் பறக்கும். டிவியில் வரும் பட்டிமன்றப் பேச்சாளர், யூடியூபில் பத்து லட்சம் பேர் பின்தொடரும் ஒருவர், ஹெச்.ஓ.டி. சாருக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் வைஸ் பிரசிடென்ட். யாருடைய தேதி கிடைக்கிறதோ அவர் படம் போஸ்டரில் ஏறிவிடும். அவர் என்ன பேசப் போகிறார் என்பது அவர் மைக்கைப் பிடிக்கும் வரை நமக்கே தெரியாது.

மாணவர்கள் மட்டும் இருக்கும் விழா என்றால் பரவாயில்லை. ஓ.டி. கிடைத்த சந்தோஷத்தில் கேட்டுவிட்டுப் போய்விடுவோம். ஆனால் இ-செல் நடத்தும் தொழில் மாநாடு அப்படி இல்லை. அங்கே லேத் பட்டறை வைத்திருப்பவர், மசாலா யூனிட் நடத்தும் அக்கா, குடும்பத் தொழிலை இப்போதுதான் கையில் எடுத்த சீனியர் என்று பலர் வந்து உட்காருகிறார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க: 300 பேர், 45 நிமிடம். மொத்தம் 225 மணி நேரம். ஒரு ஆள் தினமும் 8 மணி நேரம் உழைத்தால் 28 நாள் வேலை. அதை ஒரே பேச்சாளர் கையில் கொடுக்கிறோம். அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதை ஒரு இன்ஜினியரிங் வேலையாகவே பார்க்கலாமா?

இரண்டு வேலை, இரண்டு ஆள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிறப்பு விருந்தினர் வருவதால் விழாவுக்கு மரியாதை கூடுகிறது. குத்துவிளக்கு ஏற்றுவார், பொன்னாடை வாங்குவார், ஐந்து நிமிடம் வாழ்த்துவார். இது தேவையான வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. மையப் பேச்சாளரின் வேலை வேறு. வந்தவர்களுக்கு அவர் ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதுவும் அவர்கள் தூங்காமல் கேட்கும்படி. இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுக்கும்போது பெரும்பாலும் முதல் வேலைதான் நடக்கும். அதனால் பட்ஜெட் போடும்போதே இரண்டு வரியாக எழுதுங்க.

கைதட்டல் ஒரு மீட்டர் ஆகுமா?

"அவர் பேச்சுக்குச் செம கைதட்டல் மச்சான், அவரையே கூப்பிடலாம்" என்று ஒருவர் சொல்வார். இந்த மீட்டர் எவ்வளவு தப்பாகக் காட்டும் என்பதற்கு ஒரு பிரபலமான சோதனை இருக்கிறது.

1970-ல் அமெரிக்காவில் மருத்துவக் கல்வி சார்ந்த ஒரு கூட்டத்தில் 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' என்பவர் பேசினார். மருத்துவர்களின் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டைப் பயன்படுத்துவது பற்றிய பேச்சு. உண்மையில் அவர் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகர். அவருக்கு அந்தத் துறையில் ஒன்றும் தெரியாது. அர்த்தமில்லாத வார்த்தைகள், ஒன்றுக்கொன்று முரணான வாக்கியங்கள், நடுநடுவே ஜோக்குகள், எல்லாம் வேண்டுமென்றே கலந்த பேச்சு. கேள்வி நேரத்தையும் அதே பாணியில் சமாளித்தார். கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணி கற்பிப்பவர்கள். அந்தப் பேச்சின் வீடியோவை வேறு குழுக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். பெரும்பாலானவர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். ஒருவர் அந்த 'டாக்டரின்' கட்டுரைகளை ஏற்கெனவே படித்திருப்பதாகக்கூட எழுதிவிட்டார்! 1973-ல் இந்த ஆய்வு வெளியானது. படித்தவர்களையே ஏமாற்ற ஒரு நல்ல குரலும் தன்னம்பிக்கையும் போதும்.

அப்புறம் 2013-ல் வந்த இன்னொரு ஆய்வு. ஷானா கார்பென்டர் குழுவினர் மாணவர்களுக்கு ஒரு குட்டி வீடியோ காட்டினார்கள். மூவண்ணப் பூனைகள் ஏன் கிட்டத்தட்ட எல்லாமே பெண்ணாக இருக்கின்றன என்பதுதான் பாடம். ஒரு வீடியோவில் ஆசிரியர் கண் பார்த்துத் தங்குதடையின்றிப் பேசுவார். மற்றதில் குறிப்பைப் பார்த்துத் தயங்கித் தயங்கி வாசிப்பார். சரளமான பேச்சைக் கேட்டவர்கள் தங்களுக்கு நிறைய நினைவில் நிற்கும் என்று நம்பினார்கள். டெஸ்ட் வைத்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மார்க்.

2019-ல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் நடந்த ஆய்வில் இதன் மறுபக்கம் தெரிந்தது. தாங்களே கணக்குப் போட்டு மல்லுக்கட்டிய மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றார்கள். ஆனால் அழகான விரிவுரையைக் கேட்டவர்கள்தான் "நிறையக் கற்றோம்" என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதை வைத்து "அப்போ போரடிக்கிறவரைக் கூப்பிடுவோம்" என்று முடிவு கட்டாதீங்க. கவனமே இல்லை என்றால் பாடமும் இல்லை. கவனத்தை ஈர்க்கும் திறன், கற்றுக்கொடுக்கும் திறன் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதுதான் விஷயம். முதலாவதைப் பத்து நிமிட வீடியோவே காட்டிவிடும். இரண்டாவதைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

இன்டெல் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி குரோவ், 1990-களில் ஹார்வர்ட் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சனை அழைத்தார். உங்கள் கோட்பாடு இன்டெலுக்கு என்ன சொல்கிறது என்று நேராகக் கேட்டார். கிறிஸ்டென்சன் உடனே பதில் சொல்லவில்லை. எஃகுத் தொழிலின் கதையைச் சொல்லியே ஆகணும் என்று பிடிவாதமாக நேரம் கேட்டார். பழைய இரும்பை மின் உலையில் உருக்கும் சிறு ஆலைகள் முதலில் கட்டிடக் கம்பியில் நுழைந்தன. அது லாபம் குறைந்த சரக்கு என்பதால் பெரிய ஆலைகள் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தன. சிறு ஆலைகள் படிப்படியாக மேலேறி, கடைசியில் பெரிய ஆலைகளின் நல்ல சரக்கையே பிடித்துக்கொண்டன.

கதை முடிந்ததும் இன்டெல் என்ன செய்யணும் என்பதைக் குரோவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மலிவான கணினிகளின் சந்தையை விட்டுவிடாமல் 1998-ல் இன்டெல் செலரான் சிப்பைக் கொண்டுவந்தது. சிப் தயாரிப்பைப் பற்றிக் குரோவுக்குச் சொல்லித்தர தன்னால் முடியாது என்று கிறிஸ்டென்சனுக்குத் தெரியும். யோசிக்கும் முறையைக் கொடுத்தார், பதிலைக் கேட்டவரே கண்டுபிடித்தார்.

இன்னொருவர் ஸ்வீடனின் ஹான்ஸ் ரோஸ்லிங். 2006-ல் அவர் டெட் மேடையில் பேசிய பேச்சு இணையத்தில் இருக்கிறது, பாருங்க. தன் மாணவர்களுக்கு வைத்த ஒரு வினாடி வினாவில் தொடங்குகிறார். ஐந்து ஜோடி நாடுகள். ஒவ்வொரு ஜோடியிலும் எந்த நாட்டில் குழந்தை இறப்பு அதிகம் என்று சொல்ல வேண்டும். மாணவர்கள் சராசரியாக 1.8 சரியாகச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கும் சிம்பன்சிக்கே 2.5 கிடைக்கும்! அரங்கம் சிரிக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்போடு "நமக்குத் தெரியும்" என்ற எண்ணமும் உடைந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் தரவுகளைக் காட்டுகிறார். ஜோக்கே பாடத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. ஜோக்கை எடுத்துவிட்டால் பாடம் நொண்டும். நாம் தேடுவது இந்த மாதிரி ஆள்.

படி 1: பெயருக்கு முன்னால் தேவை

பெயர் பட்டியல் போடும் முன் ஒரு வரி எழுதுங்க: "இந்தப் பேச்சைக் கேட்டவர் அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும்?"

உதாரணத்துக்கு, வரப்போகிறவர்கள் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேரிடம் போனில் கேளுங்க. "ஆர்டர் இருக்கு தம்பி, சரக்கு அனுப்பி மூணு மாசம் ஆகியும் பணம் வரலை" என்பதுதான் அதிகம் வரும் பதில் என்றால் உங்க தலைப்பு கிடைத்துவிட்டது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. இன்வாய்ஸை வைத்து முன்கூட்டியே பணம் பெற ரிசர்வ் வங்கி அனுமதித்த ட்ரெட்ஸ் தளங்கள் இருக்கின்றன. ஆனால் பெரிய கம்பெனி மீது புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயமும் இருக்கிறது. உறவு முறியாமல் பணத்தை வசூலித்துக் காட்டிய ஒரு தொழிலதிபர், அல்லது இதையே தினமும் பார்க்கும் ஒரு ஆடிட்டர் மேடம் வந்து பேசினால் எப்படி இருக்கும்! "கனவு காணுங்கள், வானமே எல்லை" என்ற பேச்சு அந்தப் பட்டறைக்காரருக்கு அன்று மாலை வரைதான் தாங்கும்.

படி 2: முழு வீடியோ பாருங்க

ஹைலைட்ஸ் ரீல் வேண்டாம். அதில் எல்லோரும் சூப்பர் ஸ்டார்தான். முழுப் பேச்சு ஒன்று கேட்டு வாங்குங்க. கமிட்டியில் மூன்று பேர் தனித்தனியாக 20 நிமிடம் பார்க்கட்டும். பிறகு வீடியோவை மூடிவிட்டு, கற்ற மூன்று விஷயங்களை ஆளுக்கொரு பேப்பரில் எழுதட்டும். மூன்று பேப்பரும் ஒத்துப்போனால் அவர் கற்றுக்கொடுக்கிறார். "செம எனர்ஜி" என்பதைத் தவிர ஒன்றும் எழுத வரவில்லை என்றால் அவர் நம்ம டாக்டர் ஃபாக்ஸ். கேள்வி பதில் பகுதியை விடாமல் பாருங்க. அங்கேதான் மனப்பாடம் தீர்ந்துபோகும்.

படி 3: 15 நிமிடம் போனில் பேசுங்க

நீங்க கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

1. சார், இந்தத் தலைப்பில் நீங்களே செய்து பார்த்தது என்ன?
2. எது வேலை செய்யவில்லை?
3. எங்க ஆட்களுக்காகப் பேச்சில் எதை மாற்றுவீங்க?
4. கேட்பவர்களைப் பேச்சின் நடுவில் எதையாவது செய்ய வைப்பீங்களா?

இரண்டாவது கேள்வி முக்கியம். ஜெயித்தவர் கதையை மட்டும் கேட்டால், அதே வழியில் போய்த் தோற்றவர்கள் கணக்கில் வருவதே இல்லை. இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்த விமானங்களின் குண்டுத் துளைகளை வைத்து ஆப்ரகாம் வால்ட் செய்த ஆய்வை நம்மில் பலர் படித்திருப்போம். திரும்பி வராத விமானங்களைப் பற்றியும் பேசத் தெரிந்தவர்தான் நல்ல ஆசிரியர்.

நீங்க கேட்பதைவிட, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பது பெரிய அறிகுறி. "எத்தனை பேர் வருவாங்க? என்ன தொழில்? ஏற்கெனவே என்ன தெரியும்? தமிழிலா ஆங்கிலத்திலா?" என்று கேட்டால் மனசுக்குள் ஒரு டிக் போடுங்க. "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் தம்பி, கார் மட்டும் அனுப்பிடுங்க" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போங்க.

படி 4: ஒரு பக்கக் கடிதம்

அழைப்பிதழ் மட்டும் அனுப்பினால் போதாது. இப்படி ஒரு கடிதமும் சேருங்க:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். எங்கள் மாநாட்டுக்குச் சுமார் 300 பேர் வருகிறார்கள். பாதிக்கு மேல் சிறு பட்டறை உரிமையாளர்கள். அவர்களிடம் பேசியதில் பணம் தாமதமாக வருவதே பெரிய சிக்கல் என்று தெரிந்தது. கேட்டு முடித்ததும் தங்களுக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்டு ஒரு கடிதம் எழுதும் தைரியம் அவர்களுக்கு வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. 30 நிமிடப் பேச்சு, 15 நிமிடக் கேள்விகள். தமிழில் பேசினால் நல்லது. தங்கள் மதிப்பூதியம், பயணச் செலவு பற்றித் தயங்காமல் சொல்லுங்கள்."

பண விஷயத்தை முதலிலேயே பேசுவது மரியாதைக் குறைவு இல்லை. நினைவுப் பரிசுக்கும் பூங்கொத்துக்கும் செலவழித்துவிட்டு, இரண்டு நாள் தயார் செய்து வந்தவரை வெறும் கையோடு அனுப்புவதுதான் குறைவு.

படி 5: மேடையை அவருக்குச் சாதகமாக்குங்க

நல்ல பேச்சாளரையும் நம்மால் கெடுக்க முடியும். வரவேற்புரை, ஆண்டறிக்கை, நான்கு வாழ்த்துரை எல்லாம் முடிந்து மதியம் 12.50-க்கு மைக் கொடுத்தால், சாப்பாட்டு வாசனையோடு யார் போட்டி போட முடியும்? காலையில் முதல் அமர்வாக வையுங்க. அறிமுகம் ஒரு நிமிடம் போதும். மைக், புரொஜெக்டர், கேபிள் எல்லாவற்றையும் முந்தின நாளே சோதியுங்க. கூச்சப்படுபவர்கள் எழுதிக் கொடுக்கத் துண்டுச்சீட்டு வையுங்க. உண்மையான கேள்விகள் பெரும்பாலும் அதில்தான் வரும்.

படி 6: சரியாக அளங்க

"பேச்சு எப்படி இருந்தது? சூப்பர், நன்று, பரவாயில்லை" என்ற ஃபீட்பேக் ஃபார்ம் திரும்பவும் கைதட்டலைத்தான் அளக்கும். அதற்குப் பதில் இரண்டே கேள்வி கேளுங்க: இன்று புதிதாகத் தெரிந்துகொண்டது என்ன? திங்கட்கிழமை எதை மாற்றப் போறீங்க? ஒரு மாதம் கழித்து இருபது பேருக்குப் போன் போட்டு, "அண்ணா, அந்தக் கடிதம் எழுதினீங்களா?" என்று விசாரியுங்க. கிடைக்கும் பதில்களைப் பேச்சாளருக்கும் அனுப்புங்க. நல்ல ஆசிரியர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். ஒரு நகலை அடுத்த வருட கமிட்டிக்கும் வையுங்க, ஜூனியர்கள் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

அடுத்த மீட்டிங்கில் யாராவது "சீஃப் கெஸ்ட் யாரு?" என்று கேட்டால், "வர்றவங்க யாரு, அவங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்க. ஹாலில் கொஞ்ச நேரம் அமைதி நிலவும். அந்தப் பதிலைத் தேடிப் பத்துப் பேருக்குப் போன் போட ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரிதான். வாழ்த்துகள்!