கைப்பின்னல் சுருக்குப் பை

நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை நாம் மறந்துவிடவில்லை. வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு, பெட்டிச் சாவி ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். இன்று அதே பையில் பஸ் கட்டணமும், குடும்ப அட்டையும், மாத்திரையும், கைப்பேசியும் இடம் பெறுகின்றன. பொருள்கள் மாறினும் பையின் தேவை மாறவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் நாள் முதற்கொண்டு தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. துணிப்பைக்கு மதிப்புக் கூடியுள்ள இவ்வேளையில், குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னலால் சிறு பை செய்யும் முறையையும், அதை விற்கும் குடும்பம் நஷ்டப்படாதிருக்கும் வழியையும் ஆராய்வோம்.

நூல் நம் அருகில் உள்ளது

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இக்கைத்தொழிலுக்கு ஏற்ற ஊர்கள். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936 ஆம் ஆண்டு ராஜபாளையம் மில்லை நிறுவினார். அதன் பின் பல நூற்பாலைகள் எழுந்தன. அருகிலுள்ள சத்திரப்பட்டித் தறிகளில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வருவோரும், 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்க வருவோரும் ஏராளம். ஆகவே மூலப்பொருளும் சந்தையும் அடுத்தடுத்தே உள்ளன.

நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல் எடையாகுமோ அந்த எண்ணிக்கையே அதன் நம்பர். நெசவு நூலை ஒற்றை இழையாகப் பின்னினால் பை உறுதியாயிராது. 20 ஆம் நம்பர் நூலில் 10 இழைகளைச் சேர்த்து முறுக்கினால் பின்னலுக்கேற்ற பருமன் கிடைக்கும். முறுக்கிய நூலை முதலில் நீரில் நனைத்து நிழலில் உலர்த்துதல் வேண்டும். இல்லையேல் முதல் சலவையிலேயே பை சுருங்கிவிடும்.

பின்னும் முறை

2.5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி போதுமானது. கற்க வேண்டிய கண்கள் இரண்டே.

சங்கிலிக் கண்: ஊசியிலுள்ள வளையத்தின் வழியே நூலைக் கொக்கியால் இழுத்தால் ஒரு சங்கிலி.

ஒற்றைப் பின்னல்: ஊசியைக் கீழ்க் கண்ணுள் செலுத்தி நூலை இழுக்க, ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மறுபடி நூலைப் பிடித்து இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு கண் முடியும்.

1. நான்கு சங்கிலி போட்டு வட்டமாக இணைத்து, அவ்வட்டத்துள் 6 ஒற்றைப் பின்னல் இடுக.

2. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு இட்டால் 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒரு கண்ணில் இரண்டு இட்டால் 18. இவ்வாறு சுற்றுக்கு 6 கண் கூட்டி வந்தால் 12 ஆம் சுற்றில் 72 கண்கள் அமையும். இதுவே பையின் அடி. சுற்று தொடங்குமிடத்தில் வேற்று நிற நூலை அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

3. இனிக் கண் கூட்டாமல் 36 சுற்றுகள் பின்னினால் பக்கம் எழும்பும்.

4. அடுத்த சுற்றில் 4 கண் பின்னி, 2 சங்கிலி போட்டு, 2 கண் தாண்டுக. இவ்வாறே சுற்றி வந்தால் கயிறு நுழைய 12 துளைகள் கிடைக்கும். அதன்மேல், துளைக்கு இரண்டு கண் வீதம் நிரப்பி, மேலும் 3 சுற்றுகள் பின்னி முடிக்க வேண்டும்.

5. சடை பின்னுவதுபோல் இரண்டு முப்புரிக் கயிறுகள் பின்னி, எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கோத்து முடிச்சிட்டால், இரு புறமும் இழுக்கப் பை மூடிக்கொள்ளும்.

அடி கிண்ணம்போல் குவிந்தால் கண் குறைந்துவிட்டது என்றும், ஓரம் சுருள் சுருளாய் அலைந்தால் கண் மிகுந்துவிட்டது என்றும் அறியலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணிப் பார்ப்பதே பரிகாரம்.

உழைப்பின் கணக்கு

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இப்பையில் அடிக்கு 468, பக்கத்துக்கு 2,880, ஆக 3,348 கண்கள் உள்ளன. நிமிடத்துக்கு 15 கண் வீதம் பின்னினால் மூன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். கயிறும் சேர்த்தால் நான்கு மணி நேரம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26 ஆம் ஆண்டுக்கென விதிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். எனவே ஒரு பையின் கூலி மட்டுமே 168 ரூபாய். நூல் விலை இதற்கு மேல். இப்பையை 100 ரூபாய்க்கு விற்பவர் லாபம் பெறவில்லை. தம் உழைப்பையே தானமாக வழங்குகிறார்.

இஃது வெறும் கற்பனை அச்சமன்று. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா லேஸ் பின்னி வருகின்றனர். அவர்களைப் பற்றி ஜெர்மானிய சமூகவியலறிஞர் மாரியா மீஸ் எழுதிய ஆய்வு நூல் 1982 இல் வெளிவந்தது. அப்பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னினர். ஆயினும் ‘வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது’ என்று கருதப்பட்டதால் அவர்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம். ஏற்றுமதி வியாபாரிகளோ செழித்தனர். ‘ஓய்வு நேர வேலை’ என்ற ஒரு சொல்லே அவர்களுடைய கூலியைக் குறைத்துவிட்டது. அந்தச் சொல்லை நம் கிராமங்களில் நாம் வழங்கலாகாது.

பஞ்சாயத்தின் கடமை

தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் தோன்றின. இன்று குழு இல்லாத கிராமம் அரிது. ஆகவே புதிய சங்கம் எதுவும் வேண்டியதில்லை. குழுவே நூலை மொத்தமாக வாங்குதல், பின்னிய மணி நேரத்தை ஒவ்வொருவர் பெயரிலும் நோட்டில் குறித்தல், கூலியும் நூல் விலையும் சேர்ந்த தொகைக்குக் கீழே விற்பதில்லை எனத் தீர்மானித்தல் ஆகிய மூன்றும் போதும். நோட்டு பின்னுகிற பெண்களின் கையிலேயே இருத்தல் அவசியம். அந்த விலைக்குச் சந்தை கிடைக்காவிடில், பையைச் சிறிதாக்கியோ பின்னலை அகலப்படுத்தி உள்ளே கைத்தறித் துணி தைத்தோ நேரத்தைக் குறைக்கலாம். கூலியைக் குறைக்கலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் பயிற்சிக்குச் சமுதாயக் கூடத்தைத் தந்து உதவலாம். கிராம சபையில் இக்கணக்கைப் படிக்கச் செய்யலாம். விவசாயக் குடும்பத்தினர் முதற் பையைத் தம் வீட்டுக்கே பின்னிக்கொள்ளட்டும். அதில் எத்தனை மணி நேர உழைப்பு அடங்கியிருக்கிறதென்பதை அறிந்த வீடு, அடுத்த பையைக் குறைந்த விலைக்குக் கொடுக்க ஒருபோதும் இசையாது.