பிள்ளைகளுக்கு இங்கே வேலை இருக்கிறது

லுணுகலை,
டிசம்பர், திருவருகைக்காலம்.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நாங்கள் நல்ல சுகம். பெரியம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வருகிறது, மழையோடு போகிறது. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் தொண்டையைச் செருமுவதற்குள் "சரி பெரியப்பா, வைக்கட்டுமா" என்று கேட்கிறாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

இந்த முறை நத்தாருக்கு வத்தளையிலேயே இருந்துவிடலாமா என்று யோசிப்பதாக உன் அம்மா சொன்னாள். அங்கே என்ன இருக்கிறது, மழையும் சேறும் அட்டைக்கடியும்தானே, இங்கேயென்றால் பிள்ளைகளைக் காலிமுகத்திடல் பக்கம் கூட்டிப்போய் விளக்காவது காட்டலாம் என்றாயாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மலைப் பாதைகள் உடைந்ததில் அந்த நத்தாருக்கும் நீ வரவில்லை. இப்படியே போனால் சின்னவளுக்கு லுணுகலை என்பது போனுக்குள் தெரிகிற ஊர் என்றாகிவிடும்.

விளக்குப் பார்க்க ஆசைப்படுவது பிழையில்லை. டிசம்பரில் கொழும்பு அழகுதான். ஆனால் அங்கே பிள்ளைகள் பார்க்கிறவர்கள் மட்டும்தான். பார்ப்பார்கள், கை காட்டுவார்கள், ஐஸ்கிரீம் கேட்பார்கள், திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே தூங்கிவிடுவார்கள். இங்கே வந்தால் அவர்களுக்கு வேலை இருக்கிறது. யாருக்கு என்ன என்று நான் பிரித்தும் வைத்துவிட்டேன்.

முதல் வேலை குடில். கடையில் விற்கிற பிளாஸ்டிக் குடிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே. கூரைக்கு மானாப்புல் அறுத்து இஸ்தோப்பில் காயப் போட்டிருக்கிறேன். சுவருக்குப் போன கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறு இருக்கிறது, விறகுக்குப் போக மிச்சத்தைக் கட்டி வைத்தேன். பாசி மட்டும் எடுக்கவில்லை. அது பெரியவன் வேலை. பீலிக்கரைக் கல்லில் இந்த மழைக்குக் கம்பளம் போலப் படர்ந்திருக்கிறது. பழைய கரண்டியால் ஓரத்தில் நெம்பினால் மண்ணோடு பாளமாக வரும், கையால் பிய்த்தால் தூளாகிவிடும். இதை நான் சொல்லித் தரமாட்டேன். அவன் இரண்டு பாளத்தைத் தூளாக்கட்டும், மூன்றாவது சரியாக வரும். குடில் ஆடுகளில் ஒன்றுக்குக் கால் இல்லை, அதற்கு ஈர்க்கு வைத்துக் கட்டுவதும் அவன் பொறுப்பு. இருபத்துநாலாம் திகதி இரவு பாலன் இயேசுவைக் கொண்டுபோய் முன்னணையில் வைப்பது சின்னவள். அதுவரை பாலன் பெரியம்மாவின் அலுமாரிக்குள் இருப்பார். அவள் நாளுக்கு நாலு தடவை போய்த் திறந்து பார்ப்பாள், பார்க்கட்டும்.

இதை நான் கிழவனின் விளையாட்டாகச் சொல்லவில்லை. இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில் 1223ஆம் ஆண்டு நத்தார் இரவில் புனித பிரான்சிஸ் அசிசியார் செய்ததும் இதுதான். முன்னணை, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. பெத்லகேமில் பட்ட குளிரையும் வறுமையையும் மலைச் சனங்கள் கண்ணால் காண வேண்டும் என்று ஆசைப்பட்டார். எண்ணூறு வருஷத்துக்குப் பிறகு அதே குடிலை உலகம் சீரியல் பல்பு போட்டுக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறது. நம் லயத்து இஸ்தோப்புத்தான் கிரேச்சியோவுக்குக் கிட்டிய இடம்.

இரண்டாவது, பலகாரமும் கேக்கும். இங்கே எல்லார் வீட்டிலும் அவண் கிடையாது. ரவையை வறுத்து, முந்திரிப்பருப்பு, பூசணித் தோசி, இஞ்சித் தோசி எல்லாம் பொடியாக வெட்டி ஊறப்போட்டு, கலவையைத் தட்டில் ஊற்றி டவுண் பேக்கரிப் போறணைக்குத் தூக்கிக்கொண்டு போன காலம் உனக்கும் ஞாபகம் இருக்கும். இப்போது பலர் கடைக் கேக் வாங்கிவிடுகிறார்கள். நான் குறை சொல்லமாட்டேன், நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வருகிற பெண் எப்போது பருப்பு வெட்டுவாள்? ஆனால் நீ லீவில் வருகிறாய். பிள்ளைகளை உட்கார்த்தி வைத்துத் தோசியை வெட்ட விடு. பாதி வாய்க்குள் போகும். துண்டு கேக்கைச் சுற்ற எண்ணெய்த்தாள் மடிப்பது சின்னவளுக்குத் தோதான வேலை. அவள் மடிக்கிறதில் கேக் எதுவும் நிற்காது. இருந்தாலும் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

கேக்கை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்கள்தான். இதில் ஒரு முறை இருக்கிறது, கேட்டுக்கொள். நம் லயத்தில் எட்டுக் காம்பரா, வேதக்காரர் நாம் இரண்டு வீடுதான். மற்றவர்கள் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் தட்டு நிறையக் கொடுத்தவர்கள். அந்தத் தட்டுகள் உன் அம்மாவின் குசினியில் இருக்கின்றன, வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஆனால் மார்கழியில் அவர்களுக்குத் திருவெம்பாவை, சில வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். முட்டை சேர்த்த கேக்கை அந்த வீட்டு வாசலில் நீட்டினால் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நிற்பார்கள். அவர்களுக்கு வாழைப்பழமும் கற்கண்டும் வை. எந்தத் தட்டில் எது என்று பெரியவன் மனப்பாடம் செய்யட்டும். பக்கத்து வீட்டுக்காரர் எதை உண்பார், எந்த மாதத்தில் எதைத் தவிர்ப்பார் என்று தெரிந்து வளர்கிற பிள்ளைக்குப் பிறகு ஒருவரும் நல்லிணக்க வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. டவுணில் நமக்குத் தெரிந்த சிங்களக் குடும்பத்துக்கும் முஸ்லிம் கடைக்காரருக்கும் உண்டு, அதை நான் கொண்டுபோகிறேன்.

மார்கழியில் இன்னொரு வேடிக்கை. இரவு கரோல் போகிற பொடியன்களில் பாதிப்பேர் விடியற்காலை பஜனையிலும் நிற்பார்கள். இரண்டுக்கும் ஒரே டோலக்கி, அடிக்கிறவனும் ஒருவனே. உன் மகனை இரண்டிலும் விடு. குளிரில் எழும்பமாட்டான் என்பாய். சுண்டல் கொடுப்பார்கள் என்று சொல், எழும்புவான்.

நத்தார் தாத்தா வருவார். பஞ்சுத் தாடி, சிவப்பு கவுன், காலில் மலைக்குப் போகிற கம்பூட்ஸ். சின்னவள் அலறுவாள். அலறுகிற பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் திணித்துப் போட்டோ எடுக்காதே. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பது நீங்கள்தான், பயம் அவளோடு இருக்கும். உன் பின்னால் ஒளிந்துகொண்டு பார்க்கட்டும்.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம். போன தடவை நீ வந்தபோது பெரியவனுக்கு ரிமோட் கார் ஒன்று கொண்டுவந்தாய். நத்தார் காலையில் இஸ்தோப்பில் வைத்துப் பெட்டியைப் பிரித்தான். லயம் என்பது ஒரே கூரை, ஒரே நீளத் திண்ணை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கார் ஓடாது, வெளியேதான் ஓட்ட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பக்கத்துக் காம்பராப் பையன் ஒரு தடவை தரச் சொன்னான். உன் மகன் "உடைச்சிருவே" என்றான். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான். மறுநாள் அவன் அப்பா கடையில் கடனுக்கு ஒரு கார் வாங்கி வந்தார்.

தோட்டத்து நாட்சம்பளம் 2021இல்தான் ஆயிரம் ரூபாவைத் தொட்டது, 2024இல் 1,350 ஆனது. அதிலும் பண்டிகைக்கு எடுக்கிற முற்பணத்தைத் தோட்டம் மாதம் மாதம் சம்பளத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த மனிதர் நத்தாரே கொண்டாடாதவர், ஆனால் நம் நத்தாருக்கு அவர் கடன் கட்டினார். உன் மனசில் கெடுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கே ஃபிளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பரிசு பிரிக்கிற பழக்கம். லயத்தில் சாத்த ஒரு கதவு கிடையாது. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வருகிற சாமான் எட்டு வீட்டுக் கண்ணுக்கும் வரும்.

ஆகவே இந்த முறை தனித்தனிச் சாமான் வேண்டாம். நல்ல கிரிக்கெட் மட்டை ஒன்று, நாலைந்து டென்னிஸ் பந்து, ஒரு கெரம் போட். லயத்துக்குப் பொதுவாக. போகும்போது இங்கேயே விட்டுவிட்டுப் போ. உன் பிள்ளைக்கு ஆசையாக ஏதும் வாங்கியிருந்தால் அதை வத்தளையிலேயே கொடுத்துவிட்டுப் புறப்படு. அவனுக்கும் ஏன் என்று சொல். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும், நாம்தான் புரியாது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பாடசாலை ஒளிவிழாவுக்கு மேய்ப்பன் உடை தைத்ததாகச் சொன்னாயே, அதைக் கொண்டு வா. இங்கே கோயிலில் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். உடை ஒன்று, மேய்ப்பர்கள் நாலு பேர், மாறி மாறிப் போட்டுக்கொள்வார்கள்.

பூசை நடுச்சாமத்தில் என்று நினைத்துப் பயப்படாதே. இங்கே அப்படி இல்லை, காரணம் சொல்கிறேன். கண்டியோடு இருந்த ஊவா பதுளை மறைமாவட்டமாகத் தனியே பிரிந்தது 1972இல். கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பெரிய இடத்தை விட்டுவிட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு விரும்பி வந்தார். இன்றைக்கும் ஒரு சாமியாருக்குப் பல தோட்டம். ஒரு கோயிலில் பின்னேரம், இன்னொன்றில் இரவு, வேறொன்றில் மறுநாள் காலை என்று ஓடிக்கொண்டிருப்பார். நமக்குப் பின்னேரப் பூசைதான், பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். வாசலில் பொலிஸ்காரர் நின்றால் பெரியவன் ஏன் என்று கேட்பான். 2019 உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மறைப்பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை, பூசைக்குப் போகிற வழியில் சொல்லாதே. நம்மைப் பார்த்துக்கொள்ள நிற்கிறார் என்று சொல், அது உண்மைதானே. அவர் கையிலும் ஒரு துண்டு கேக்கை அவனே கொடுக்கட்டும். மிச்சத்தை அவன் வளர்ந்த பிறகு சொல்லலாம்.

மருமகனுக்கும் ஒரு வார்த்தை. பண்டிகை என்றால் போத்தல் என்று இங்கே சிலருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்தவர் வாங்கித் தரவில்லையா என்று ஜாடை பேசுவார்கள். இதை நீ அவரிடம் சொன்னால் சண்டை வரும், நான் சொன்னதாகக் கடிதத்தைக் காட்டு. பிள்ளைகள் விழித்திருக்கும் இரவில் இந்த வீட்டுக்குள் சாராயம் வரக் கூடாது. அவருக்கும் வேலை வைத்திருக்கிறேன். நட்சத்திரக் கூடு கட்ட மூங்கில் பிளக்க வேண்டும், எனக்குக் கை நடுங்குகிறது.

மழையைப் பற்றி உன் பயம் நியாயமானது, அதை நான் சிரித்துத் தள்ளவில்லை. ஊவாவுக்கு வாடைக்காற்று மழைதான் பெரிய மழை, நத்தார் அதன் நடுவில் வருகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியதைக் கண்ட மாவட்டம் இது. டித்வா அதை இன்னொரு தடவை காட்டிவிட்டுப் போனது. அதனால் புறப்படும் முன் மண்சரிவு எச்சரிக்கையைக் கேள். மஞ்சள் என்றால் கவனமாக வரலாம். செம்மஞ்சள் என்றால் பதுளையில் சொந்தக்காரர் வீட்டில் நின்றுகொள். சிவப்பு என்றால் புறப்படவே வேண்டாம், நாங்களே லயத்தை விட்டுப் பாடசாலைக்குப் போயிருப்போம். பதுளை வரை ரயிலா பஸ்ஸா என்பதை அன்றைய நிலைமையைக் கேட்டு முடிவு செய். ஆனால் பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கு வருவது பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது உனக்குத் தெரியும், நம் ஊரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் அது. அரை மணித்தியாலம் முந்துவதற்காக இரவில் அந்த வளைவுகளில் வர வேண்டாம்.

இருபத்திரண்டாம் திகதிக்குள் வந்து சேர். இருபத்துநாலாம் திகதி வந்து இறங்கினால் பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது, உட்கார்ந்து தின்பதுதான் மிஞ்சும். இரண்டு பேருக்கும் கம்பூட்ஸும் அட்டைக்குத் தேய்க்க சித்தாலேபையும் எடுத்து வை. முந்திரிப்பருப்பு இங்கே விலை கூட, அரைக் கிலோ கொழும்பிலேயே வாங்கி வா. காசை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா.