கலகம் செய்தது யார்?

அன்புள்ள தங்கைக்கு,

உன் நாடகத்துக்குத் ‘தோள்சீலைக் கலகம்’ என்று பெயர் வைத்திருக்கிறாய். நம் மாவட்டத்தில் எல்லார் வாயிலும் புழங்கும் பெயர்தான். ஆனாலும் மேடையேறும் முன் அந்தக் ‘கலகம்’ யாருடைய சொல் என்று யோசித்துப் பார். மலையாளத்தில் இதையே ‘சாந்நார் லஹள’ (நாடார் கலகம்) என்றார்கள். இரண்டு சொல்லும் அமைதி குலைந்ததைச் சொல்கின்றன, குலைத்தவர் யார் என்று சொல்வதில்லை. அப்போது பழி சீலை உடுத்தவள்மேல் விழுகிறது. 1820-கள் தொடங்கி 1859 வரை நாடார் பெண்கள் செய்ததெல்லாம், தங்களுக்கு மறுக்கப்பட்டிருந்த தோள்சீலையால் மார்பை மூடிக்கொண்டு வெளியே வந்ததுதான். சந்தைகளில் அந்தத் துணியைக் கிழித்ததும், பள்ளிகளுக்கும் ஜெபக்கூடங்களுக்கும் தீ வைத்ததும் இதை எதிர்த்த மேல்சாதியினர். 1829-இல் திருவிதாங்கூர் அரசு குப்பாயம் என்ற சட்டை போடலாம், அதன்மேல் தோள்சீலை கூடாது என்றது. 1859 ஜூலை 26 அறிக்கை எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ள அனுமதித்தது. மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாதாம்! விட்டுக்கொடுத்த நாளிலும் அரசு காத்து நின்றது சாதியின் அடையாளத்தைத்தான்.

‘கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும்’ என்பார்களே, கலகம் பெருமையான சொல்தானே என்று நீ கேட்கலாம். தனக்குத்தானே ‘கலகக்காரன்’ என்று பெயர் சூட்டிக்கொள்பவருக்கு அது பெருமைதான். இந்தப் பெண்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குப் பதிலாக நான் சொல்லும் ‘போராட்டம்’ என்றாலோ உண்ணாவிரதமும் சாலை மறியலும்தான் நினைவுக்கு வரும், தலைவரும் கோரிக்கை மனுவும் உண்டென்று தோன்றும் என்பது இன்னொரு மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. அன்றாடம் உடுத்து நடந்ததே இவர்களுடைய எதிர்ப்பு. அதற்கு அச்சொல் அளவெடுத்துத் தைத்ததல்ல. ஆனால் போராட்டம் என்றதும் போராடியவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கு அது போதும். பெயரை மாற்றினால் ஊரின் நினைவு அறுந்துபோகும் என்ற அச்சமும் வேண்டாம். வேலூரில் 1806-இல் நடந்த சிப்பாய்க் கலகத்தை இன்று புரட்சி என்கிறோம், யாரும் அதை மறந்துவிடவில்லை. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தமிழக, கேரள முதல்வர்கள் கலந்துகொண்ட 200-ஆம் ஆண்டு விழாவும் ‘தோள்சீலைப் போராட்டம்’ என்ற பெயரில்தான் நடந்தது.

அதற்காகக் கலகம் என்ற சொல்லை நாடகத்திலிருந்தே தூக்கிவிடாதே. சந்தைக் காட்சியில், கிழிந்த சீலையைப் பொறுக்கும் பெண்ணைப் பார்த்து ஓர் அதிகாரி அதைச் சொல்லட்டும். சுவரொட்டியில் மட்டும் ‘போராட்டம்’ என்று போடு.