படைக்கலச்சாலைக்கு ஒரு பரிந்துரை

நம் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் 1782 டிசம்பர் 7 அன்று ஐதர் அலி உயிர்நீத்ததைத் தோழர் பலர் அறிவர். அவர் மகன் திப்புவின் தூதர்கள் 1788இல் பிரெஞ்சு மன்னரைக் கண்டு, படையோடு கைவினைஞரையும் கேட்டனர். படை வரவில்லை, தொழிலாளர் சிலரே வந்தனர்.

அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதராயிருந்தவர் ஜெபர்சன். அவரும் ஒரு கைவினைஞரைக் கண்டுவைத்திருந்தார். துப்பாக்கி செய்யும் ஒனோரே பிளாங்க் என்பவரே அவர். அந்நாளில் சுடுவிசையின் ஒவ்வோர் உறுப்பையும் அரத்தால் ராவித் தன் இணைக்கு மட்டுமே பொருந்துமாறு செய்வர். வில் ஒன்று ஒடிந்தால் கொல்லன் பட்டறைதான் கதி. பிளாங்கோ அச்சும் கேஜும் கொண்டு யாவற்றையும் ஒரே அளவில் செய்தார். 1785இல் ஐம்பது விசைகளைக் கழற்றிப் பரப்பி வைத்தார். கைக்கு வந்த உறுப்புகளை எடுத்து ஜெபர்சன் தாமே சில விசைகளைப் பூட்டினார். அப்படியே பொருந்தின! நம் ஆய்வுக்கூடத்தில் திருகு உடைந்தால் அதே எண்ணுள்ள வேறொன்றை வாங்கி மாட்டுகிறோமே, அதன் தொடக்கங்களுள் இது ஒன்று.

அவரை அழைத்துக்கொள்ளுமாறு ஜெபர்சன் தம் அரசிடம் முயன்றார். செவிசாய்ப்பார் இல்லை. ஊர்விட்டு வந்து பரிந்துரை மடலுக்கு அலையும் நம்மனோர்க்கு இது புதிதன்று.

1801இல், குடியரசுத் தலைவராகிவிட்ட ஜெபர்சன், ஈலை விட்னியைப் பாராட்டி வர்ஜீனியா ஆளுநர் மன்றோவுக்கு எழுதினார். புகழ்ச்சி சற்று மிகை என்பேன். இரண்டாண்டில் 10,000 துப்பாக்கி தருவதாக 1798இல் ஒப்பிய விட்னி, 1809இல்தான் முடித்தார்; அவற்றின் உறுப்புகளும் முழுமையாக மாறிப் பொருந்தவில்லை எனப் பின்னாள் ஆய்வாளர் கண்டனர். 1820களில் ஹார்ப்பர்ஸ் பெர்ரி படைக்கலச்சாலையில் அதைச் செய்து காட்டியவர் ஜான் ஹால்.